பழைய மடிக்கணினிக்கு இலகுவான டெஸ்க்டாப்: செந்தூலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினிகள் வரும். பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டுப் பழையவை; மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் துணிப்பையில் வந்ததும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. "இனி இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று கடையில் சொல்லிவிட்டதாக ஓர் அம்மா கண் கலங்க வந்து நின்றார். அந்தக் கணினியில்தான் அவருடைய மகள் இப்போது எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கிறாள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்ட பிறகும் கணினி தவழ்ந்தால், அதன்மேல் ஏற்றியிருக்கும் டெஸ்க்டாப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை மாற்றுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். லினக்ஸின் வகைகளான டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால், மீதியைக் கணினியே பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளும்.

டெஸ்க்டாப் சூழல் என்பது லினக்ஸ்தானே? அதைத் தனியாக மாற்ற முடியுமா?

முடியும். விண்டோஸில் இரண்டும் பிரிக்க முடியாதபடி வருவதால் இந்தக் குழப்பம் எழுகிறது. லினக்ஸில் வன்பொருளோடு பேசும் கெர்னல் தனி. திரையில் நாம் காணும் பட்டை, மெனு, சாளரச் சட்டம், கோப்பு மேலாளர் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் தனி. ஒரே கணினியில் இரண்டு மூன்று டெஸ்க்டாப்களை வைத்துக்கொண்டு, உள்நுழையும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

உபுண்டுவோடு வருவது க்னோம். மின்ட்டின் முதன்மைப் பதிப்பில் வருவது சின்னமன். க்னோம் அழகானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் சாளர அசைவுகளுக்குக் கிராஃபிக்ஸ் சில்லு உழைக்க வேண்டும். கோப்புகளை விரைவாகத் தேடித்தர பின்னணியில் ஒரு நிரல் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். புதிய கணினிக்கு இது பொருட்டே அல்ல. 4 ஜிபி நினைவகமும் சுழலும் வட்டும் உள்ள கணினிக்கு இதுவே பெரும் சுமை.

என் கணினிக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

ஃப்ரீ -எச்

ஓர் அட்டவணை வரும். பலர் "ஃப்ரீ" என்ற பத்தியில் சிறிய எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள். அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தை, வட்டிலிருந்து படித்தவற்றை வைத்துக்கொள்ள லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும். நிரல்கள் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான "அவெய்லபிள்". கீழ் வரிசையில் "ஸ்வாப்" என்ற இடத்தில் பயன்பாடு ஏறிக்கொண்டே போனால், நினைவகம் போதாமல் கணினி வட்டை நாடுகிறது என்று பொருள். பழைய வட்டு 'கரகர'வென்று சத்தமிடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

மொத்த நினைவகம் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூடி. 8 ஜிபி இருந்தும் மெதுவாக ஓடினால் டெஸ்க்டாப்பைக் குறை சொல்லாதீர்கள், வட்டைச் சந்தேகியுங்கள். 1 ஜிபி கணினியில் இலகுவான டெஸ்க்டாப் எழுந்து நிற்கும், ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கணினியைத் தட்டச்சுப் பழகவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே சொல்லிவிடுவேன். இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது.

எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, எல்எக்ஸ்டிஇ, மாட்டே என்று இத்தனை பெயர்கள் எதற்கு?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருவர் தேவைக்காகப் பிறந்தது. எக்ஸ்எஃப்சிஇ-யை 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கினார். பல ஆண்டுகளாக அதன் அடிப்படைத் தோற்றம் பெரிதாக மாறவில்லை: ஒரு பட்டை, ஒரு மெனு, ஒரு கடிகாரம். விண்டோஸில் பழகியவர்கள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், ஐயம் இருக்கும் இடத்தில் எல்லாம் எக்ஸ்எஃப்சிஇ என்றே சொல்வேன்.

எல்எக்ஸ்டிஇ 2006-இல் தைவானைச் சேர்ந்த ஹொங் ஜென் யீ தொடங்கியது. பின்னர் அவரே க்யூடி என்னும் கருவித் தொகுப்புக்கு மாறினார். அந்த முயற்சி ரேசர்-க்யூடி என்ற இன்னொரு திட்டத்தோடு இணைந்து எல்எக்ஸ்க்யூடி ஆனது. உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டுவும் 18.10 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்க்யூடிக்கு மாறிவிட்டது. ஆகவே இன்று புதிதாகப் போடுபவர்கள் எல்எக்ஸ்டிஇ-யை விட்டு எல்எக்ஸ்க்யூடியை எடுங்கள்.

மாட்டே, பழைய க்னோம் 2-ஐக் கைவிட மனமில்லாதவர்கள் 2011-இல் தொடர்ந்தது. நல்லதுதான், ஆனால் மற்ற இரண்டைவிடச் சற்றுக் கனமானது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். இதை முதலில் சொல்லாததால், பிள்ளையின் படங்களோடு வட்டை அழித்துவிட்டு வந்த ஒரு தந்தையைப் பார்த்திருக்கிறேன். இருக்கும் அமைப்பின்மேலேயே புதிய டெஸ்க்டாப்பைச் சேர்க்கலாம். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய டெஸ்க்டாப்பும் இருக்கும். பிடிக்காவிட்டால் வெளியேறி, பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். ஆனாலும் முக்கியமான படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்த பிறகே எந்தக் கணினியிலும் கை வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எப்படி நிறுவுவது?

லினக்ஸில் மென்பொருள்கள் தொகுப்புகளாக வரும்; அவற்றை நிறுவும் கருவி ஏபிடி. கட்டளையின் முன் சூடோ போட்டால் அது நிர்வாகி உரிமையோடு ஓடும். முதலில் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பியுங்கள்:

சூடோ ஏபிடி அப்டேட்

பிறகு எக்ஸ்எஃப்சிஇ-க்கு:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4 எக்ஸ்எஃப்சிஇ4-குட்டீஸ்

எல்எக்ஸ்க்யூடி வேண்டுமென்றால், இன்ஸ்டால் என்பதற்குப் பிறகு எல்எக்ஸ்க்யூடி என்று மட்டும் தட்டினால் போதும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்; தட்டி முடித்து எண்டர் விசையை அழுத்துங்கள். எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணினி சொல்லிவிட்டு அனுமதி கேட்கும். அந்த இரண்டு எண்களையும் படித்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். கைப்பேசித் தரவை வைத்து இறக்குபவர்களுக்கு இது முக்கியம்.

உபுண்டுவில் "சுபுண்டு-டெஸ்க்டாப்" என்ற தொகுப்பைப் போடச் சொல்பவர்கள் உண்டு. அது எக்ஸ்எஃப்சிஇ-யோடு தன் உலாவி, இசை மென்பொருள், தொடக்கத் திரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். எடையைக் குறைக்க வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

நடுவில் நீலத் திரை ஒன்று வந்து ஜிடிஎம்3, லைட்டிஎம் என்று கேட்கிறதே?

பயப்பட வேண்டாம். நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும் திரையை எந்த நிரல் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறது. லைட்டிஎம் இலகுவானது, அதைத் தேர்ந்தெடுங்கள். அம்பு விசையால் நகர்த்தி, டேப் விசையால் ஓகே-க்குப் போய், எண்டர் அழுத்த வேண்டும். அந்தத் திரையில் மவுஸ் வேலை செய்யாமல் போகலாம். பிறகு மனம் மாறினால்:

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்

அதே கேள்வி மறுபடியும் வரும்.

நிறுவிவிட்டேன், கணினியை மீண்டும் தொடங்கினேன். ஆனால் பழைய திரையே வருகிறது.

இதுதான் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அதிகம். புதிய டெஸ்க்டாப் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜிடிஎம் திரையானால் உங்கள் பெயரைச் சொடுக்கிய பிறகு, கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில், வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தோன்றும். பெயரைச் சொடுக்கும் முன் அது தெரியாது, அதனால்தான் தவறவிடுகிறார்கள். லைட்டிஎம் திரையில் பொதுவாக மேல் பட்டையின் வலப்பக்கம் ஒரு சிறு சின்னம் இருக்கும். அங்கே எக்ஸ்எஃப்சிஇ செஷன் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே போங்கள். அடுத்த முறை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

நிறுவும்போது மின்சாரம் போய்விட்டது. கணினி வீணாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் சேர்ந்து வருவது புதிதல்ல. பழைய மடிக்கணினியின் பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. எனக்கே நடந்தது: அண்டை வீட்டுத் தம்பியின் கணினியில் தொகுப்புகள் விரிந்துகொண்டிருந்தபோது இடி இடித்து வீட்டு மின்சாரம் முழுவதும் துண்டித்துக்கொண்டது. மீண்டும் தொடங்கியபோது கறுப்புத் திரையும் மேலே ஒரு சிறு கோடும் மட்டுமே. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துத் திரை வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய் இரண்டு கட்டளைகள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது, பாதியில் நின்ற தொகுப்புகளை அமைத்து முடிக்கும். இரண்டாவது, விடுபட்டவற்றை இறக்கிச் சேர்க்கும். இணையம் வேண்டும் என்பதால் வீட்டு ரூட்டரிலிருந்து கம்பி இழுத்தேன். இருபது நிமிடத்தில் திரை எழுந்தது. அன்றிலிருந்து இந்த வேலையைக் காலையில் செய்கிறேன். மழை வரும் நேரத்தில் தொடுவதில்லை.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் உள்ளே போய் உடனே மறுபடி அதே திரைக்கு வந்துவிடுகிறது.

இதற்கு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். மேலே சொன்ன எழுத்துத் திரைக்குப் போய் "டிஎஃப் -எச்" என்று தட்டுங்கள். வட்டின் முதன்மைப் பகிர்வு 100 விழுக்காடு நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப் தன் சிறு கோப்புகளைக்கூட எழுத முடியாமல் திரும்பிவிடும். "சூடோ ஏபிடி க்ளீன்" கொடுத்தால் இறக்கி வைத்த பழைய தொகுப்புகள் போய்க் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இரண்டாவது, உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஆதாரிட்டி என்ற மறைகோப்பு (இதில் எக்ஸ் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து). யாராவது சூடோ போட்டு டெஸ்க்டாப்பைத் தொடங்கியிருந்தால், அந்தக் கோப்பு நிர்வாகியான ரூட் பயனரின் உடைமையாகி உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். "எல்எஸ் -எல்ஏ" கொடுத்தால் அதன் உரிமையாளர் யார் என்று தெரியும். ரூட் என்றிருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குங்கள். உள்நுழையும்போது புதிதாக உருவாகிவிடும்.

எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறியபின் வைஃபை சின்னத்தைக் காணவில்லை. ஒலியைக் கூட்டவும் முடியவில்லை.

குறைந்த தொகுப்புகள் போதும் என்று நினைத்து, பரிந்துரைக்கப்பட்டவற்றைத் தவிர்த்து நிறுவியவர்களுக்கு இது வரும். டெபியனில் நெட்வொர்க்-மேனேஜர்-க்னோம் என்ற தொகுப்பை நிறுவினால் வைஃபை சின்னம் வரும். பெயரில் க்னோம் இருந்தாலும் க்னோம் டெஸ்க்டாப்பையே இழுத்து வராது. ஒலிக்குப் பாவுகண்ட்ரோல், புளூடூத்துக்கு ப்ளூமேன், மூடியை மூடினால் உறங்கவைக்க எக்ஸ்எஃப்சிஇ4-பவர்-மேனேஜர். இந்த நான்கும் இருந்தால் அன்றாட வேலைக்குக் குறையில்லை.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. தட்டச்சு எப்படிச் செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய முடியாமல், எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுகிறார்கள். கணினியை இலகுவாக்கித் தருவதோடு நம் வேலை முடியக் கூடாது.

எழுத்துருவுக்கு ஃபாண்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல், ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் ஆகிய இரண்டையும் நிறுவுங்கள். கட்டங்கள் மறைந்துவிடும். தட்டச்சுக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டும் வேண்டும். நிறுவியபின் "ஐஎம்-கான்ஃபிக்" என்ற கட்டளையால் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். க்னோமில் இது தானாக அமைந்துவிடுவதால், எக்ஸ்எஃப்சிஇ-க்கு வந்தவர்கள் இந்தப் படியை மறந்துவிட்டுத் தமிழ் வரவில்லை என்கிறார்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சுப்பொறி முறை என்று பல வரும்.

எதைக் கற்பது? பிள்ளைகளுக்குத் தமிழ்99. அது 1999-இல் சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட விசைப்பலகை. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் விரல் பழகிவிட்டால் வேகம் வரும். பெரியவர்களில் பலர் நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகியவர்கள். 'அம்மா' என்பதை ஆங்கில ஒலிப்படி தட்டிப் பழகிய அவர்களுக்கு ஐபஸ்ஸில் உள்ள ஒலிப்பு முறை அந்நியமாக இருக்காது. சில எழுத்துகளுக்கு விசை மாறும். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன்: டெஸ்க்டாப்பை மாற்றுவதால் மிச்சமாகும் நினைவகம் சில நூறு மெகாபைட். உலாவியில் நான்கைந்து கனமான பக்கங்களைத் திறந்தால் அந்த மிச்சம் முழுவதும் போய்விடும். காணொலி ஒன்று, வகுப்புப் பக்கம் ஒன்று, வாட்ஸ்அப் ஒன்று என்று திறந்துவைத்துவிட்டு டெஸ்க்டாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. 4 ஜிபி கணினியில் வேண்டாத பக்கங்களை மூடும் பழக்கம் எந்த மென்பொருளையும்விட உதவும்.

அடுத்தது இசட்ராம். "இசட்ராம்-டூல்ஸ்" என்ற தொகுப்பு, நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும். வட்டை நாடுவது குறையும். 2 ஜிபி கணினியில் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்.

எக்ஸ்எஃப்சிஇ-யில் "விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்" பகுதியில் கம்போசிட்டர் என்பதை அணைத்தால் நிழலும் ஒளிபுகும் தோற்றமும் போகும். பழைய கிராஃபிக்ஸ் சில்லுக்கு அது நிம்மதி. காணொலியில் கோடு கோடாகக் கிழிவது தெரிந்தால் மறுபடி இயக்கிவிடுங்கள்.

கையில் கொஞ்சம் ரிங்கிட் இருந்தால், சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சுழலாத வேகமான வட்டு வாங்குங்கள். நான் செய்த மாற்றங்களில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசாவில் ஒரே மாடியில் நான்கைந்து கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். போகும் முன் உங்கள் கணினியில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு வகையில் வரும் 2.5 அங்குல வட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுழலும் வட்டு உள்ள பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அதுதான்.

32 பிட் கணினி இருக்கிறது. வழி உண்டா?

டெபியன் 12 வரை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை.

பழைய க்னோமை நீக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். உள்நுழையாத டெஸ்க்டாப் வட்டில் இடம் பிடிக்குமே தவிர வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது. ஒரு மாதம் புதியதில் வாழ்ந்து பாருங்கள். பிறகும் நீக்கத்தான் வேண்டுமென்றால், ஏபிடி காட்டும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். அதில் நெட்வொர்க்-மேனேஜர் என்ற பெயரைக் கண்டால் உடனே 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்துங்கள். அது போனால் இணையம் போகும். இணையம் போனால் அதைத் திரும்ப இறக்கவும் வழியிருக்காது.

அம்மாவுக்காக அமைத்துக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

எழுத்தைப் பெரிதாக்குங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யில் "அப்பியரன்ஸ்" பகுதியில் எழுத்துருத் தாவலில் டிபிஐ என்ற எண் 96 இருக்கும். 120 ஆக்கினால் கண்ணாடியைத் தேடாமல் படிப்பார். பட்டையின் அமைப்பில் "லாக் பேனல்" என்பதைக் குறியிடுங்கள். இல்லாவிட்டால் கைதவறி இழுத்து, பட்டை திரையின் நடுவில் வந்து நிற்கும். அவர் தினமும் திறக்கும் மூன்று நான்கு நிரல்களை மட்டும் பட்டையில் வையுங்கள். "அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்" தொகுப்பு இருந்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக இறங்கும்.

பிறகு அவர் அருகில் அமர்ந்து, அவரையே இயக்கச் சொல்லிப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாட்டிக்கு எல்லாம் அமைத்துக் கொடுத்தபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: பேரனின் படம் பின்னணியில் வேண்டும். டெஸ்க்டாப்பின்மேல் வலச்சொடுக்கு, டெஸ்க்டாப் செட்டிங்ஸ், படத்தைத் தேர்வு செய்தல். அரை நிமிடம்கூட ஆகவில்லை.